எங்கள் வீட்டு முடிச்சு

என் டிரங்குப் பெட்டிக்கு நான் ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை. விடுதியில் இருந்த இரண்டு வருஷமும் போடவில்லை. அதற்கப்புறம் டீச்சராகி ஊர் ஊராக மாற்றலில் போனபோதும் போடவில்லை. அலட்சியம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். திமிர் என்று சொன்னவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

முதலில் அது திமிர் இல்லை. பெட்டியில் பூட்டு மாட்ட இடமே இல்லை, அவ்வளவுதான். ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்ததும் அப்பா வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தத் தகரப் பெட்டியை வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மூடியில் பச்சைக்கிளி ஒன்று வரைந்திருந்தது. கொண்டி பிய்ந்து போயிருந்தது. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பூட்ட எங்கய்யா மாட்றது?" என்று கேட்டாள்.

"பூட்டு இன்னாத்துக்கு? அதான் நம்ம முடிச்சு கீதே" என்று சொல்லி அப்பா நைலான் கயிற்றை எடுத்தார்.

எங்கள் நெட்டுக்குப்பத்துக் கரையில் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டு, துடுப்பையும் வலையையும் அதன் மேலேயே வைத்துக் கயிறு கட்டிவிட்டு ஆண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. கயிற்றைப் பார்த்தாலே இது இன்னார் சாமான் என்று தெரியும். அடுத்தவர் முடிச்சில் கை வைத்தவர் ஊர்க்கூட்டத்தின் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முடிச்சு மூன்று சுற்று, இடப்பக்கமாக. நுனி உள்ளே போய் மறைந்துவிடும். மற்ற வீட்டு முடிச்சுகள் எல்லாம் வலப்பக்கம்தான் சுற்றும். நான் அ, ஆ எழுதக் கற்பதற்கு முன்பே அந்த முடிச்சைப் போடக் கற்றுவிட்டேன்.

விடுதி ராயபுரத்தில், சரக்கு ரயில் போனால் சுவர் அதிரும் ஒரு சந்தில் இருந்தது. விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கணவரை இழந்த ஓர் அம்மா தன் வீட்டின் மூன்று அறைகளில் நான்கு நான்கு பேராகப் பன்னிரண்டு பெண்களை வைத்துச் சோறு போட்டார். அவரை வார்டன் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். மாடி இல்லாத வீடு. எல்லா ஜன்னலும் தெருவைப் பார்த்தவை, இரும்புக் கம்பி போட்டவை. திறந்து வைத்தால் துறைமுகத்துக் கரித்தூள் வந்து தலையணையில் உட்காரும். சாத்தினால் உள்ளே வெந்து போவோம். அதனால் கரித்தூளே பரவாயில்லை என்று திறந்து வைத்துக்கொண்டோம்.

நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஒரு தாவணி. பிறகு ஒரு புதுச் சோப்பு, டப்பாவோடு. பிறகு ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு. கொலுசு போன அன்று வார்டன் அம்மா ஒரு தாளில் சட்டங்களை எழுதிச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினார். எல்லோரும் பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும். ஒரு சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். வெளி ஆட்களிடம் விடுதியைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த மூன்றாவது சட்டத்தால் திருட்டு எப்படி நிற்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மற்ற பதினோரு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பூட்டை வாங்கி வந்தார்கள். அந்தப் பூட்டுகளின் லட்சணம் ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் அறையில் இருந்த அரக்கோணத்துப் பெண் ஒருநாள் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியைத் தன் சாவியால் திறந்துவிட்டு, "ஐயோ, என் புடவையெல்லாம் போச்சு!" என்று அலறினாள். பிறகு எல்லாப் பூட்டையும் சோதித்துப் பார்த்ததில் அவள் சாவிக்கு ஐந்து பூட்டுத் திறந்தது. அதற்கப்புறம் அவரவர் மூளைக்கு எட்டிய இடத்தில் ஒளித்து வைத்தார்கள். ஒருத்தி மோதிரத்தைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டாள். இன்னொருத்தி சங்கிலியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டு, எந்தத் தலையணை என்பது மறந்துபோய் இரண்டு தலையணைகளைப் பிரித்துப் போட்டாள். அறை முழுக்கப் பஞ்சு.

என் பெட்டியில் மட்டும் கயிறு. வார்டன் அம்மா ஒருநாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் பூட்டு வாங்கியாச்சு. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

"கொண்டி இல்லைங்கம்மா. முடிச்சு போட்டிருக்கேன். யாராவது தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "குப்பத்துப் பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டுவராதே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அந்த வாரமே ஒரு தகரக் கடையில் கொண்டி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவள், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை. மத்தியானம் வகுப்பிலிருந்து வந்து பெட்டியைத் திறக்கக் குனிந்தேன். முடிச்சு வலப்பக்கம் சுற்றியிருந்தது.

பதறிப்போய் அவிழ்த்துப் பார்த்தேன். புடவைகள் இருந்தன. புத்தகங்கள் இருந்தன. அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. என் ஒரே தங்கமான கம்மல்கூடத் துணியில் சுற்றியபடி மேலேயே கிடந்தது. ஒன்றும் போகவில்லை. எங்கள் முடிச்சைப் போட்டு வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் முடிச்சு மாறியிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

திருட வந்தவர் கம்மலை விட்டுவிட்டா போவார்? மூன்று முறை பெட்டியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல், கயிற்றையும் திரும்பக் கட்டிவைத்துவிட்டுப் போகிறவர் திருட வரவில்லை. அடுத்தவர் சாமான் என்னிடம் இருக்கிறதா என்று தேட வந்திருக்கிறார். இது மண்டையில் ஏறிய நிமிஷத்தில் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் துக்கம் வந்தால் அழுகை வராது, ஆத்திரம் வந்தால்தான் வரும்.

அழுது முடித்ததும் முடிச்சை நன்றாகப் பார்த்தேன். இரண்டு சுற்று, நுனி கீழ்ப்பக்கமாகச் செருகியிருந்தது. நகரத்தில் வளர்ந்த கையென்றால் பூமுடிச்சு போட்டிருக்கும், இல்லாவிட்டால் குருட்டு முடிச்சு. இது கரையில் பழகிய கை. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளியின் காதில் கயிறு கட்டியிருந்தது. இரண்டு சுற்று, நுனி கீழ்ப்பக்கம். அந்தக் கயிற்றைக் கட்டியவர் யார் என்று விடுதி முழுக்கத் தெரியும்.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கா காசிமேட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் அடுப்பங்கரைக்குப் போனபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் பொட்டிய எதுக்குத் தொறந்த?"

முறம் நின்றது. "யாரு சொன்னா?"

"கெணத்து வாளிய பாத்துட்டு வரேன்."

அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அய்ய, என் கைய ஒடிக்க. அம்மாதான் பாப்பா சொல்லிச்சு. நீ கிளாசுக்குப் போசொல்ல தொறந்து பாரு, கொலுசு கீதான்னு. நான் இன்னா பண்றது? வேலை செய்ற எடம்."

"எல்லார் பொட்டியும் பாத்தியா?"

அவர் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். "உன்னுது மட்டுந்தான் பாக்கச் சொல்லிச்சு."

"எதுக்கு?"

"எதுக்கா? குப்பத்துப் பொண்ணுன்னுதான். நானும் குப்பத்துக்காரிதான்னு அதுக்கு நெனப்பே வர்ல பாரு. எங்கைலயே சொல்லுது."

"அப்ப கட்டசொல்ல வேற ஏதாவது முடிச்சப் போட வேண்டிதான? உங்க வூட்டு முடிச்சையா போடுவ?"

"மொத வாட்டி கை தானா போட்டுடிச்சி. அடுத்த வாட்டி தெரிஞ்சுதான் போட்டேன். நீ கரையில பொறந்தவ, கண்டுபுடிச்சிடுவேன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகைல சொல்லிடாத பாப்பா. வூட்டுக்காரரு மூணு மாசமா முதுகு புடிச்சிக்கினு படுத்துக்கினு கீறாரு. இந்த வேலையும் பூடிச்சின்னா அவ்ளோதான்."

சொல்ல மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, என் கையில் இருந்த ஒரே சாட்சியையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரக்கோணத்துப் பெண்ணின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. அவள் அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. குளிக்கப் போகும்போது ஜன்னலோர மேஜையில் கழற்றி வைத்தவள், வந்து பார்த்தால் மேஜை காலி. அவள் அழுத அழுகையில் தெருவே கூடியிருக்கும். வார்டன் அம்மா பன்னிரண்டு பேரையும் எங்கள் அறைக்கு வரவழைத்து வரிசையாக நிறுத்தினார்.

"எல்லாப் பெட்டியையும் பாக்கப் போறேன்" என்றார். நேராக என்னிடம் வந்தார். "முதல்ல உன்னுது. கயித்த அவிழ்."

நான் போய் என் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கால் தானாகப் போயிற்று.

"ஏன் முதல்ல என்னுது?"

"எங்கயாவது ஆரம்பிக்கணுமில்ல."

"அப்ப அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க. கடைசியா என்னுது. உங்க பீரோவும் சேத்து."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வார்டன் அம்மாவின் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார்.

"சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாப்பேன். அவிழ்க்கலேன்னா நாளைக்குக் காலையில உன் பயிற்சிப் பள்ளிக்கு லெட்டர் போகும். திருட்டுக்காக வெளியே அனுப்பினேன்னு எழுதுவேன். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துல உன்னை டீச்சரா எடுப்பாங்கன்னு பாக்கலாம்."

பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். மற்றவர்கள் நின்று, சலித்து, தரையில் உட்கார்ந்தார்கள். வார்டன் அம்மா நாற்காலி போட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அவிழ்த்துக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், உள்ளே கடிகாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். "காட்டிட்டுப் போயேண்டி, உனக்கென்ன போச்சு" என்று ஒருத்தி என் காதில் கிசுகிசுத்தாள். என்ன போகும் என்று எனக்குத்தான் தெரியும். இன்றைக்கு நான் அவிழ்த்தால், நாளைக்கு ஒரு ஊக்கு தொலைந்தாலும் முதலில் அவிழ வேண்டியது என் கயிறுதான். நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும் அப்படித்தான்.

பயமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் குப்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் பெண் நான். அந்தக் கடிதம் போனால் அப்பா கரையில் தலைகாட்ட முடியாது. மற்றவர் முடிச்சை ஒருநாளும் தொடாத மனுஷர், மகள் திருடி என்ற பேச்சுக்கு ஊர் நடுவில் நிற்பார். கயிறு தெரியாதபடி புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். சமையல் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். எழுந்திருக்கவுமில்லை.

ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. வார்டன் அம்மா எழுந்து, "சரி, உன் இஷ்டம். லெட்டர எழுதிக்கறேன்" என்றார். அப்போது அவருக்குப் பின்னால், கையில் கரண்டியோடு, சமையல் அக்கா வந்து நின்றார்.

"இன்னாமா நீ? மூணு வாட்டி நானே இத்தத் தொறந்து பாத்துட்டேனே, நீ சொல்லித்தான? அதுல பொடவ கீது, பொஸ்தகம் கீது, கம்மல் கீது, கருவாடு கீது. வேற ஒரு மண்ணும் இல்லன்னு ஒவ்வொரு வாட்டியும் வந்து சொன்னனா இல்லியா? இன்னும் எத்தினி வாட்டிமா பாப்ப?"

அறையில் இருந்த பதினோரு பெண்களும் வார்டன் அம்மாவைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"உன்னை யார் கேட்டா?" என்று வார்டன் அம்மா ஒருவழியாகச் சொன்னார். "நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"நாளைக் கதைய நாளைக்குப் பாக்கலாம். இப்ப சோறு ஆறிக்கினு கீது. வாங்க பொண்ணுங்களா" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி நடந்தார். மறுநாள் விடிந்ததும், எவரும் எதுவும் சொல்லாததுபோல வேலைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். பன்னிரண்டு பேருக்குச் சமைக்க அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்பது வார்டன் அம்மாவுக்கும் தெரியும். அவரும் வழக்கம்போல் அரிசி அளந்து கொடுத்தார்.

கடிதம் போகவில்லை. மற்றவர் பெட்டிகளையும் அன்று யாரும் பார்க்கவில்லை. அரக்கோணத்துப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு உன் மேல சந்தேகமே இல்ல, தெரியுமா" என்றாள். "அத காலையிலேயே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரக்கப்பட எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கயிற்றை நானே அவிழ்த்தேன். மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். அன்றிலிருந்து என் பெட்டியை நான் மூடவே இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் என் உள்பாவாடைகூடத் தெரியும். "பார்க்க அசிங்கமா இருக்கு, மூடு" என்று வார்டன் அம்மா இரண்டு முறை சொன்னார். "தேடறவங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்மா" என்றேன். படிப்பு முடியும் வரை அந்தத் திறந்த பெட்டியிலிருந்து திருட்டுப் போனது கருவாடு ஒன்றுதான். எடுத்தது அரக்கோணத்துப் பெண். அடுப்பங்கரையில் சுட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது பிடித்துவிட்டேன்.

திருட்டு எப்படி நடந்தது என்பதும் அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த வார்டன் அம்மா, பட்டப்பகலில், தன் புடவை கொடியிலிருந்து இறங்கி ஜன்னல் கம்பி வழியாக வெளியே போவதைப் பார்த்து அலறினார். சமையல் அக்கா தெருவுக்கு ஓடினார். ஆள் ஓடிவிட்டான். புடவை போயே போயிற்று. கீழே கிடந்தது ஒரு நீள மூங்கில் கழி, நுனியில் வளைத்த கம்பிக் கொக்கி. தாவணியும் கொலுசும் கடிகாரமும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. பன்னிரண்டு பெண்களின் பெட்டிக்குப் பூட்டுத் தேடிய வீட்டில், திறந்து கிடந்த ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வார விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவின் பழைய வலை ஒன்றை வாங்கி வந்தேன். சின்னக் கண்ணி வலை. கொக்கி நுழைந்தால் கண்ணியில் சிக்கிக்கொள்ளும், காற்றுக்கு மட்டும் வழி உண்டு. சமையல் அக்காவும் நானும் ஜன்னல் அளவுக்கு வெட்டி, மூன்று அறைகளின் ஜன்னல்களுக்கும் இழுத்துக் கட்டினோம். அவர் கட்டிய பக்கம் இரண்டு சுற்று, நான் கட்டிய பக்கம் மூன்று. பத்து நாள் கழித்து வகுப்பிலிருந்து வந்தபோது எங்கள் அறை வலையில் ஒரு மூங்கில் கழி மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துணி காயப்போட வைத்துக்கொண்டோம். அப்புறம் ஒன்றும் போகவில்லை.

கழி மாட்டிய அன்று சாயங்காலம் வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "வலை நல்லா இருக்கு. என் ரூமுக்கும் ஒண்ணு கட்டிடு."

அவர் ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டிய துண்டு முதலிலிருந்தே என் கட்டிலுக்கடியில் இருந்தது. "கட்டறேம்மா" என்றேன். "ராத்திரி எல்லாரும் சாப்பிட உக்காரும்போது, இவ பெட்டிய மட்டும் தேடச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கை கழுவினதும் கட்டிடறேன்."

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

அன்று ராத்திரி அவர் சாப்பாட்டு அறைக்கு வந்தார், குழம்பில் உப்பு குறைவு என்றார், போய்விட்டார். அந்தக் கோடையும் அடுத்த கோடையும் அவர் அறை ஜன்னல் பகலெல்லாம் சாத்தியே கிடந்தது. கதவிடுக்கு வழியாக விசிறி மட்டை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். சில நாள் எனக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கிறது. ஆனால் என் பெட்டியை நான் மூடவில்லை, அவர் ஜன்னலை அவர் திறக்கவில்லை.

படிப்பு முடிந்து கிளம்பிய அன்றுதான் மூடியைச் சாத்திக் கயிறு கட்டினேன். அதற்கு முன், கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த வலைத் துண்டை எடுத்து உள்ளே போட்டேன். வார்டன் அம்மா வாசலில்தான் நின்றார். கடைசி நிமிஷத்திலாவது சொல்லிவிடுவார் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் கட்டினேன். சொல்லவில்லை. அந்தத் துண்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.